வெள்ளகோவில் பெட்டியின் முதல் கார்டு

கரண்ட் வெட்டு வந்ததிலிருந்து தண்டாயுதபாணிக்கு மாதக் கடைசி என்றாலே இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். திருப்பூரிலிருந்து காங்கேயம் வழியாக வெள்ளகோவிலுக்கு பஸ்ஸில் போக வேண்டும், வர வேண்டும். மடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளை போட்ட கார்டுகள், மில் ஆளுக்கு ஒன்று. அதைக் கீழே வைக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, பக்கத்தில் உட்காரும் ஆளின் வெற்றிலை எச்சில் படக் கூடாது. ஒரு கண்டக்டர் அவருக்கு 'முறுக்குப் பெட்டிக்காரர்' என்று பெயர் வைத்து, அதுவே நிலைத்துவிட்டது. மில்லில் அவருடைய உத்தியோகத்துக்கு கன்ட்ரோல் கிளார்க் என்று பெயர். எதை கன்ட்ரோல் பண்ணுகிறார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காலையில் போவார், சாயங்காலம் வருவார், மனைவி கண்ணம்மாள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிப்போவார்.

இந்தப் பெட்டி தூக்கும் வேலை வந்த கதையே ஒரு கூத்து. மில் முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். பாகம் பிரித்தபோது திருப்பூர் மில் அண்ணனுக்கும் வெள்ளகோவில் மில் தம்பிக்கும் போயிற்று. பேச்சுவார்த்தையும் அத்தோடு போயிற்று. பிறகு அண்ணன், ஊரே வாயைப் பிளக்க, ஏசி அறை கட்டிக் கம்ப்யூட்டர் இறக்கினார். அடுத்த வருஷம் திரும்புவதற்குள் தம்பியும் அதே மாதிரி ஒன்றை இறக்கினார். அண்ணன் வைத்திருப்பது தம்பியிடம் இல்லை என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே. ஆனால் தம்பி மில்லில் அதற்குக் கொடுக்க அவ்வளவு வேலை இல்லை. அது பாட்டுக்குக் குளிர்ந்த அறையில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

திருப்பூர்க் கம்ப்யூட்டருக்கோ மூச்சு விட நேரமில்லை. கரண்ட் வெட்டில் மில்லில் நூல் நூற்கிற கதிர்களில் பாதி நின்றுவிட்டன. இருக்கிற வேலையை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்த டிபார்ட்மெண்ட், யாருக்கு எந்த வாரம் ஓய்வு என்று அடுத்த மாதத்துக்கான பட்டியலைக் கம்ப்யூட்டர்தான் போட்டது. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய என்று இல்லாமல் போடும். ஆனால் மொத்தக் கார்டுகளையும் அது ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. முடியப் போகிற நேரம் பார்த்து விளக்கு அணையும். மின்சார வாரியத்துக்கு அப்படி ஒரு கைராசி.

புரோகிராம் எழுதுகிற சாரதாமணிதான் வழி சொன்னாள். கோயம்புத்தூரில் படித்து வந்தவள், முப்பது வயசு தாண்டியவள், ஏசி அறையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பாதியை நம்ம மெஷின் படிக்கட்டுங்க. பாதியை வெள்ளகோவில் மெஷின் படிக்கட்டும். நமக்குக் கரண்ட் இல்லாத நேரத்துல அவங்களுக்கு இருக்குது. பங்கு போட்டுக்கிட்டா ரெண்டுமே சீக்கிரம் முடிச்சிரும்" என்றாள்.

பேசாத அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு சம்பந்தி போய் வந்து சம்மதம் வாங்கினார். இரண்டு மெஷினும் கூடி வேலை செய்ய ஒப்புக்கொண்டன. முதலாளிகள் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பெட்டியைத் தூக்க மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லோரும் தண்டாயுதபாணியைப் பார்த்தார்கள். எந்தச் சபையிலும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற முகம் ஒன்று இருக்கும், அது அவருடைய முகம்.

அப்படியே தையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கார்டு டிரேயை மேசையில் வைத்து, நடுவில் எங்காவது கையை விட்டுப் பிரிப்பார். முன்பாதி இங்கே. பின்பாதி பெட்டிக்குள். அன்றைக்குத் திருப்பூரில் கரண்ட் அதிகம் இருக்கும் போலத் தோன்றினால் கை கொஞ்சம் தள்ளிப் போகும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வரும். அதற்கு ஒரு கணக்கும் கிடையாது. அவ்வளவு அலுப்பில் எவன் அளவு பார்ப்பான்.

வைகாசி பிறந்து பட்டியல் ஒட்டிய அன்று காலை, பூவாத்தாள் வந்து கம்ப்யூட்டர் அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் பதிலியாக வேலை செய்கிறவள். பதிலி என்றால் நிரந்தரம் இல்லை. பட்டியலில் பெயர் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. கதவு திறந்திருந்தால் குளிர் வெளியே போய்விடும் என்று பியூன் கத்தினான். அவள் கதவை விடவில்லை.

"ஏனுங்க சார், எம்பேரு இல்லைங்கறாங்க. கேட்டுல ஒட்டியிருக்கறதை ரெண்டு பேரை வச்சுப் படிக்கச் சொன்னனுங்க. இல்லீங்க."

தண்டாயுதபாணிக்கு அதற்கு முந்தின நாள் பஸ்ஸின் குலுக்கல் இன்னும் முதுகில் இருந்தது. "மேஸ்திரியைப் போய்க் கேளும்மா. இங்க வந்தா நாங்க என்ன பண்றது?"

"அவரு கம்ப்யூட்டரைக் கேளுன்னாருங்க."

"கம்ப்யூட்டருக்கு உம்மேல என்ன விரோதம்? நீ என்ன பண்ணித் தொலைச்சியோ."

சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் தன் வாய்க்கு நன்றாகப் பழகியது போல அவருக்குப் பட்டது. எங்கே, எப்போது சொன்னோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

பூவாத்தாள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. "ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். "இந்த வைகாசி முடிஞ்சா என்னைப் பர்மனெண்ட் பண்ணோணும். நடுவுல ஒரு மாசம் உட்டுப்போச்சுன்னா மொதல்ல இருந்து வரோணும்ங்களே. இன்னொருக்கா அத்தனை நாளு வர எனக்குத் தெம்பு இல்லீங்க. கார்டு இருக்குதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இல்லைன்னா நான் போயிக்கறேன்."

மில்லின் சட்டம் அப்படித்தான். பதிலியாக வருகிறவர் இடைவிடாமல் வந்தால்தான் நிரந்தரம். இடையில் ஒரு மாதம் பட்டியலில் பெயர் விட்டுப்போனால், அதுவரை வந்ததெல்லாம் தண்ணீரில் எழுதினது. பதிலிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதைவிட நன்றாக மேஸ்திரி கிட்டுசாமிக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பட்டியல் அவர் கையில் இருந்தது. வணக்கம் வைக்காதவன், தன் தோட்டத்துக்குக் கடலை பறிக்க வராதவள் என்று பார்த்துப் பார்த்துப் பெயரை எடுப்பார். அந்த அநியாயம் ஒழியத்தான் கம்ப்யூட்டர் வந்தது என்று தண்டாயுதபாணி ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார்.

அவளை அனுப்புவதற்காகவே எழுந்து டிரேயை இழுத்தார். கார்டு இருந்தது. துளைகள் சரியாக இருந்தன. மூலை மடங்கவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாரதாமணி, இங்க வாம்மா. கார்டு இருக்குது, பட்டியல்ல ஆளு இல்லை."

சாரதாமணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். "டிரேல எங்க இருந்துச்சுங்க?"

"நடுவுல. நேத்து நான் பிரிச்ச எடம். வெள்ளகோவில் கட்டுக்கு இதுதான் மொதல் கார்டு."

அவள் கார்டை வாங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, வெள்ளகோவில் பெட்டியில பிள்ளையாரை வச்சீங்களா?"

இதை விளக்கிச் சொன்னால்தான் புரியும். கார்டு துளைக்கிற பெண்கள் எந்தக் கட்டையும் வெறுமனே கொடுக்க மாட்டார்கள். துளை போடாத கார்டு ஒன்றில் பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டு, அதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பார்கள். நோட்டில் கணக்கு எழுதினால் சுழி போடாமலா எழுதுகிறோம், இதற்கு மட்டும் என்ன என்று கேட்டார்கள். அந்த வெற்றுக் கார்டு உள்ளே போனதும் மெஷின் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். சாரதாமணி சண்டை போட்டுப் பார்த்தாள். எடுத்துவிட்டுக் கொடுத்தால், கண் மறைவில் மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் அவளுக்கே சலித்துப்போய், புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள்: முதல் கார்டைப் படிக்காதே, தள்ளிவிடு. அன்றிலிருந்து பிள்ளையாரும் சந்தோஷம், மெஷினும் சந்தோஷம்.

தண்டாயுதபாணியும் அதற்கேற்றபடி பழகிக்கொண்டார். உள்ளே போன கார்டை எண்ணுவார், பட்டியலில் வந்த பெயரை எண்ணுவார். ஒன்று குறையும். அது பிள்ளையார். சரி என்று கையெழுத்துப் போடுவார். வெள்ளகோவிலிலும் அப்படியே எண்ணினார். அங்கேயும் ஒன்று குறைந்தது. அங்கேயும் அது பிள்ளையார்தான் என்று கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பிள்ளையார் ஒருவர்தான். அவர் திருப்பூர்க் கட்டின் தலையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளகோவில் கட்டின் தலையில் இருந்தது ஒரு மனுஷியின் கார்டு. புரோகிராம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சொன்னபடி முதல் கார்டைத் தள்ளிவிட்டது.

"என் தப்புங்க அண்ணா" என்றாள் சாரதாமணி. "ரெண்டாப் பிரிக்கலாம்னு நாந்தான் சொன்னேன். அந்த வரி எனக்கு ஞாபகமே வரலை."

தண்டாயுதபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். பூவாத்தாள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பியூன் கத்துவதை நிறுத்தியிருந்தான்.

மேனேஜரிடம் போனார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பேனாவுல அந்தம்மா பேரை எழுதி ஒட்டீருங்க. மேஸ்திரிக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். இரண்டு ஊர் மெஷின், இரண்டு ஏசி, ஒரு தகரப் பெட்டி எல்லாம் சேர்ந்து செய்ததைச் சரிசெய்ய ஒரு சொட்டு மை போதுமாக இருந்தது. பூவாத்தாள் பட்டியலில் மை காய்கிறவரை பார்த்து நின்றாள். "இப்பப் போலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தண்டாயுதபாணி அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். தூக்குச்சட்டியைத் திறந்தபோது சாரதாமணி வந்து நின்றாள்.

"அண்ணா, நாம தையில இருந்தில்லைங்க பிரிக்கிறோம்?"

அவர் தூக்குச்சட்டியை மூடினார்.

பழைய மாதங்களின் பட்டியல் நகல்களை எடுத்து, பெயர் வராதவர்கள் என்று மாதாமாதம் டிரேயிலிருந்து கழித்து வைத்திருந்த கார்டுகளோடு ஒத்துப் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒருத்தர் காணாமல் போயிருந்தார். எல்லாம் பதிலிகள். நிரந்தரக்காரர்களின் கார்டு டிரேயின் முன்பக்கம் இருக்கும். எங்கே கையை விட்டுப் பிரித்தாலும் பதிலிகளின் நடுவில்தான் விழும். நிரந்தரக்காரன் பெயர் விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே யூனியன் கேட்டில் கொடியோடு நின்றிருக்கும். பதிலிக்கு யார் நிற்பார்கள்? மேஸ்திரி எடுத்துவிட்டார், நாம் என்னவோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இத்தனை மாதத்தில் கார்டு இருக்கிறதா என்று வந்து கேட்டவள் பூவாத்தாள் ஒருத்திதான்.

தையில் சாமளாபுரத்திலிருந்து வருகிற ஒரு பெண். பங்குனியில் வேலாத்தாள் என்று இன்னொருத்தி. சித்திரையில் ஒரு பையன், அவன் ஊரைவிட்டே போய்விட்டான். நடுவில், மாசி மாதத்தின் கார்டை சாரதாமணி எடுத்துப் பெயரைப் படித்தாள். "ரத்தினசாமி, ப்ளோ ரூம். இவரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ரத்தினசாமி கண்ணம்மாளின் தம்பி.

மாசியில் ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்து நின்றது தண்டாயுதபாணிக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் பஸ்ஸில் போய்வந்த அலுப்பு. தட்டில் கை வைத்திருந்தார். 'மாமா, எம்பேரு இல்லீங்க, ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா' என்றான். மச்சினனுக்குச் சிபாரிசு பண்ணினார் என்று நாளைக்கு நாலு பேர் சொன்னால் தன் மானம் என்ன ஆவது என்று அவருக்குக் கோபம் வந்தது. 'கம்ப்யூட்டருக்கு உம்மேல என்ன விரோதம்? நீ என்ன பண்ணித் தொலைச்சியோ' என்றார். கண்ணம்மாள் கரண்டியோடு நின்று தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் சாப்பிடாமல் போனான். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. 'வேலையைக் காப்பாத்திக்கத் துப்பில்லை' என்று கண்ணம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லி அழுததும் உண்டு.

மேனேஜர் இந்தத் தடவை நெற்றியைத் தேய்க்கவில்லை. "பழசைக் கிளறாதீங்க தண்டாயுதபாணி" என்றார். "அவங்களை மறுபடி எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு யூனியன் கேக்கும். ஏன்னு சொன்னா, இதுவரைக்கும் போட்ட பட்டியல் பூராவும் சந்தேகமாயிரும். புதுசா ஒரு பிள்ளையார் கார்டு போட்டு வெள்ளகோவில் பெட்டியில வச்சிருங்க. வேலையைப் பாருங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவருக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. இருபது வருஷமாக சரிங்க என்று சொல்லிச் சொல்லி அந்த வாய் வேறெதற்கும் திறப்பதில்லை. சாரதாமணி மட்டும் மேனேஜரின் மேசையருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் குரல் உயர்வது கேட்டது. அவர் நின்று கேட்காமல் சைக்கிளை எடுத்தார்.

ரத்தினசாமி நொய்யல் கரையில் ஒரு சலவைப்பட்டறையில் இருக்கிறான் என்று கேள்வி. பனியன் துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் போட்டு மிதிக்கிற வேலை. பட்டறைக்குள் நுழையும்போதே மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. தொட்டிக்குள் முழங்கால் அளவு நின்று நாலைந்து பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ரத்தினசாமி தொட்டியை விட்டு ஏறி வந்தான். கால் இரண்டும் வெளுத்து, விரலிடுக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தது. முப்பது வயசு ஆளின் கால் மாதிரி இல்லை.

"வாங்க மாமா. அக்காளுக்கு ஏதாச்சுங்களா?" என்றான் பயந்துபோய்.

"அக்காளுக்கு ஒண்ணும் இல்லை. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

எல்லாவற்றையும் சொன்னார். கட்டைப் பிரித்தது, பிள்ளையார் கார்டு, புரோகிராமில் அந்த வரி, தான் எண்ணிக் கையெழுத்துப் போட்டது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரக் கதை போல இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ரத்தினசாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலீங்களா மாமா?"

"நீ ஒண்ணும் பண்ணலை."

"நெஜமாலுங்களா?"

"உங்கார்டு மொதல்ல இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தான். "நான் மேஸ்திரி கால்ல போயி உழுந்தனுங்க" என்றான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாமத்தானுங்க. ஏதோ பண்ணியிருப்பேன்னு நீங்களும் சொன்னீங்க, அக்காளும் சொல்லுச்சு. ஊட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தனுங்க. ஒருநா பஞ்சு மூட்டை மேல படுத்துத் தூங்கீட்டேன், அதா இருக்குமோன்னு தோணுச்சு. ஒருநா அவரு வரும்போது பீடியைக் கீழ போடாம நின்னேன், அதா இருக்குமோன்னு இருந்துச்சு. என்ன இருந்தாலும் தப்புத்தானுங்க, மன்னிச்சிருங்கன்னு கால்ல உழுந்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"செரி போ, மன்னிச்சுட்டேன்னாருங்க. இனிமேலு அப்படிப் பண்ணாதேன்னாரு."

தண்டாயுதபாணிக்குச் சிரிப்பு வரவில்லை. பிளீச்சிங் நெடி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜரிடம் மறுபடி பேசுகிறேன், புதுப் பதிலியாகவாவது எடுக்கச் சொல்கிறேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் நிரந்தரம் ஆகலாம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். சொல்லும்போதே அதில் ஒன்றும் நடக்காது என்று அவருக்குத் தெரியும். ரத்தினசாமிக்கும் தெரிந்திருக்கும். அவன் குறுக்கே பேசாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து பட்டறைக்காரர் கூப்பிட்டதும் எழுந்தான்.

"அது கெடக்குதுங்க மாமா. ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க."

"சொல்லு."

"அக்காகிட்ட நீங்களே சொல்லீருங்க. நாஞ் சொன்னா அது நம்பாதுங்க."

சொல்லிவிட்டு அவன் தொட்டிக்குள் இறங்கினான்.